பதினோராம் அத்தியாயத்தில் நின்ற வண்டி

றஹீமாவின் தம்பி முனாப் நாவல் எழுதுகிறான் என்பது கல்முனைக்குடியில் பலருக்குத் தெரியும். அது முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் தொடங்கிய நாவல் அது. பத்து அத்தியாயங்கள் தடையில்லாமல் வந்தன. பதினோராவதில் கதாநாயகி மைமூனா பிள்ளைப்பேற்றுக்காகக் கணவன் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்குப் புறப்பட்டு மாட்டுவண்டியில் ஏறினாள். ஏறியவள் ஏறியவள்தான். அதன் பிறகு வண்டி ஒரு முழம் நகரவில்லை.

"என்னடா முனாப், உன்ட மைமூனாக்கு மூணு வருசமா வயிறு. யானைக்கும் இவ்வளவு காலம் செல்லாதேடா" என்பான் அபூசாலி. நெல் ஆலையில் முனாப் தராசில் நிற்பான், அபூசாலி மூட்டை தைப்பான். இடையில் ஓய்வு கிடைத்தால் இந்தப் பேச்சுத்தான்.

"வாயப் பொத்திக்கிட்டு மூட்டையத் தைடா."

"நான் தைப்பன். வண்டிக்காரன்தான் பாவம். அவனுக்குச் சோறு குடுத்தியா?"

முனாபும் சிரிப்பான். ஆனால் வீட்டுக்கு வரும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்காது. புருவமெல்லாம் தவிட்டுத்தூசியோடு வந்து குளித்துவிட்டுப் பேனையை எடுத்தால் கண் சொருகும். வெள்ளிக்கிழமை ஒன்றுதான் ஆறுதல். அன்று கதையில் யார் யாருக்கு என்ன முறை, எவர் எப்போது இறந்தார் என்று மறந்துபோனதையெல்லாம் நினைவுபடுத்த, முதலாம் அத்தியாயத்திலிருந்து வாசித்துக்கொண்டு வருவான். பதினோராவதுக்கு வந்து சேரும்போது பின்னேர அசறுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும்.

அவனுடைய எழுத்தை அவனாலேயே வாசிக்க முடியாது. றஹீமாதான் நல்ல பிரதி எடுப்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அடிமட்டம் வைத்துக் கரைக்கோடு கீறாமல் ஒரு தாளிலும் அவள் எழுதியதில்லை. கொழும்புப் பத்திரிகை ஒன்று, தங்களுக்கு அனுப்பும் கதைகள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஒருமுறை போட்டிருந்தது. அது நாவலுக்குச் சொன்னதல்ல. என்றாலும் அன்றிலிருந்து அவள் மறுபக்கத்தில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. நெல் அவித்து, காயப்போட்டு, கோழி விரட்டி, பிள்ளைகளைப் படுக்கவைத்து, அதற்குப் பிறகு எழுதிய பத்து அத்தியாயங்கள் அவை. தம்பி ஒரு நாவலாசிரியன் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்த சான்று அதுதான்.

அதனால்தான் ஒரு நாள் அவன், "ராத்தா, இத கடைக்குக் குடுப்பமா? சாமான் கட்டிக்குடுக்கச் சரை சுத்தவாவது உதவும்" என்றபோது அவள் பிரதிக் கட்டை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"முதல்ல என்ட கைய வெட்டிக் குடு. பொறகு அதக் குடு."

"எனக்கு ஏலாது ராத்தா. களைச்சிட்டன். இனி எழுதுறல்ல."

அவள் அந்தக் கட்டைச் சீலையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். அவன் கேட்கவுமில்லை.

அந்த வருடம் முனாபின் மனைவி சுஹறா பிள்ளைத்தாய்ச்சியானாள். அபூசாலிக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. "ஆருடா முந்துவா? சுஹறாவா, மைமூனாவா?"

நோவு கண்ட நாள் காலையிலேயே முனாப் சுஹறாவின் வீடு இருந்த சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் றஹீமாவிடம் வந்துவிட்டான். உடுத்திருந்த சறத்தைக்கூட மாற்றவில்லை.

"மாமி என்னக் கொஞ்சம் வெளியில போய்ட்டு வாங்க மருமகன் எண்டா" என்றான். "முத்தத்துல இருந்தன். பொண்டுகள் போக வர மறிக்கிது எண்டாங்க. வேலியடில நிண்டன். அங்கயும் தண்ணி அள்ளப் போறாங்க. பொறகு வந்திட்டன்."

"வா, உள்ள போய் இரி."

அவன் பிறந்து வளர்ந்த அறைக்குள் போனான். அது இப்போது றஹீமாவின் வீடு. பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், கலியாணம் முடித்த ஆண் அந்த வீட்டுக்குப் போவதும் இந்தக் கரையின் வழக்கம். அவன் கட்டில் இருந்த இடத்தில் கூரை வரைக்கும் நெல்மூட்டை. உட்கார இடம் தேடி ஒரு மூட்டையில் ஏறிக் குந்தினான். றஹீமா கோப்பி கொண்டுபோனபோது வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ராத்தா, ரெண்டு கடதாசி தாங்க" என்றான்.

எழுதுவதில்லை என்று சொன்னவன். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் சாயுமுன் அபூசாலியின் சைக்கிள் மணி கேட்டது. "பொம்புளப் புள்ளடா! ரெண்டு பேரும் சுகம். மைமூனா தோத்துப்போனா!"

முனாப் போன பிறகு மூட்டை மேல் கிடந்த தாள்களை றஹீமா எடுத்தாள். ஒரு சிறுகதை. மனைவிக்குப் பேறு நடக்கும் நாளில் எங்கே உட்காருவது என்று தெரியாத ஒருவன், மனைவி வீட்டிலும் இடமில்லாமல், பிறந்த வீட்டிலும் இடமில்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரிகிறான். அவ்வளவுதான். கடைசியில் 'முற்றும்' என்று இருந்தது. அவன் கையால் எழுதிய அந்தச் சொல்லை அவள் அதுவரை கண்டதில்லை.

கதை கொழும்புப் பத்திரிகையில் வந்தது. நெல் கொண்டுவந்த பாண்டிருப்புக் கனகரெத்தினம் தராசடியில் நின்று, "எங்கட ஊரிலயும் இதுதான் தம்பி. மாப்பிள்ளைக்குக் கதிரை கலியாணத்தண்டைக்கு மட்டும்தான்" என்றார். அபூசாலிக்கோ கோபம். "என்னக் கேக்காம என்னப் பத்தி எழுதியிரிக்காய்! என்ட புள்ள பொறந்த அண்டைக்கு நானும் இப்பிடித்தான்டா திரிஞ்ச!"

அடுத்த வெள்ளிக்கிழமை முனாப் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"ராத்தா, மைமூனா வண்டில ஏறி எங்க போறா?"

"தாய்வீட்டுக்கு."

"நம்மட ஊர்ல அவ இரிக்கிற ஊடு ஆருட ஊடு?"

றஹீமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மைமூனா இருப்பதே அவளுடைய தாய்வீடுதான். வண்டிக்குப் போக இடமில்லை. இந்தியாவிலிருந்து வந்த தொடர்கதைகளை அவன் விழுந்து விழுந்து வாசித்ததில் அங்கத்தைய வழக்கம் கதைக்குள் புகுந்திருக்கிறது. எழுதியவனும் பார்க்கவில்லை, வரி வரியாகப் பிரதி எடுத்த அவளும் பார்க்கவில்லை.

"நாவலுக்குள்ள இரிக்கக்குள்ள இது விளங்கல்ல ராத்தா. அது பெரிய காடு, எங்கயும் ஒளிச்சிரிக்கலாம். சிறுகதை நாலு பக்கம். பொய் சொன்னா ஒளிக்க எடமில்ல."

அதன் பிறகு அவன் சிறுகதைதான் எழுதினான். களைத்த உடம்புக்கு அது அளவாக இருந்தது. மூட்டை நிறுக்கும்போதே முழுக் கதையையும் தலையில் வைத்துக்கொள்ள முடிந்தது. நெல் அவிக்கும் இரண்டு பெண்களின் பேச்சை மட்டும் வைத்து ஒன்று எழுதினான். மழை பொய்த்த வயலில் ஒரு பின்னேரத்தை வைத்து இன்னொன்று. ஒரு கதை கெட்டுப்போய் அடுப்பில் போட்டான். "நாலு பக்கம்தானே" என்றான். நாவலென்றால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொன்றையும் முடித்தான். முடிக்க முடியும் என்பது அவனுக்குப் பழகிவிட்டது.

றஹீமா எல்லாவற்றையும் பிரதி எடுத்தாள். ஆனாலும் சீலையில் சுற்றிய கட்டு அவள் மனதில் கிடந்தது. கேட்டால் மறுபடி கடைக்குக் கொடு என்பானோ என்று கேட்காமலே இருந்தாள்.

மகள் ஓடித்திரியும் வயதில் ஒரு நாள் அவன் சில தாள்களை நீட்டினான். மேலே 'முதலாம் அத்தியாயம்' என்றிருந்தது. மைமூனா தன் வீட்டிலேயே இருந்தாள். சைக்கிளில் தலையணையைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருகிறான் ஒருவன்.

"பழசு ஒண்டும் உதவாது ராத்தா. திரும்ப முதல்ல இருந்துதான்" என்றான். "உங்களுக்கு ஏலுமா?"

அவளுக்கு இப்போது விரல்கள் மரத்துப்போகும். கண்ணும் முன்போல இல்லை. "ஏலும். ஏலாது எண்டு உனக்கு ஆரு சொன்ன? கடதாசி விக்கிற விலைதான் பாக்கணும்" என்றாள்.

பிறகு பெட்டியைத் திறந்து சீலையை அவிழ்த்தாள். பழைய முதலாம் அத்தியாயத்தின் முதல் தாளை எடுத்துத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் அப்படியே வெள்ளையாக இருந்தது. அடிமட்டத்தை வைத்துக் கரை கீறினாள்.