சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று

காமில் நானா டெப் என்கிற பலகைக் கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடையின் பின்கதவைத் தாண்டி, சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறார். வாங்க வந்தவரும் பின்னாலேயே போகவேண்டும். "இங்க பாருங்க. கடைக்குள்ள வைஃபை வேகம் நாப்பது வந்திச்சு. இங்க மூணு. ஒங்கட வீட்டுலயும் இந்த மூணுதான் வரும்" என்கிறார். பிறகு பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைக் கறுப்பு மார்க்கரால் வெட்டிவிட்டு, பக்கத்தில் 3 என்று எழுதுகிறார்.

பதுளை பஸாரில் வேறு எந்தக் கைப்பேசிக் கடையிலும் இந்தக் கூத்து நடக்காது. வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். "நானா, நம்மட யாவாரத்த நீங்களே கெடுக்கிறீங்க" என்று தம்பி றில்வான் தலையில் அடித்துக்கொள்கிறார். எப்போதாவது ஒரு டெப் சுவருக்கு அப்பாலும் இருபதைத் தொட்டுவிடும். அப்போது காமில் நானாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், பிள்ளை பாஸாகிவிட்ட மாதிரி இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆள் இப்படி இல்லை. அன்று கலாராணி வந்தபோது, அங்கே வேலை பார்க்கும் நானும் கடையில் இருந்தேன். நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தாதியர் படிப்புக்கான பரீட்சையை இணையத்தில் எழுதவேண்டும், போனில் எழுத முடியாது என்பதால் இங்கே ஒரு டெப் வாங்கியிருந்தாள். அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "பக்கத்து வீட்டுக் காம்பராவுல வைஃபை இருக்குங்க மொதலாளி. அப்பா போன்ல நல்லா எடுக்குது. இதுல எடுக்கவே மாட்டேங்குது" என்றாள்.

காமில் நானா அதை வாங்கி, கடையிலிருந்த வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். "நாப்பது! டெப்புல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி. ஒங்கட மலையிலதான் பிழை" என்றார். நான் சிரித்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவள் டெப்பைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பரீட்சையன்று கேள்வித்தாள் இறங்கி முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த முறைக்கு வயது கடந்துவிட்டது. கலாராணி கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள்.

அதே ரக டெப்பை ஒருநாள் காமில் நானாவின் மனைவி முஷ்ரிபா சமையல் வீடியோ பார்க்கக் குசினிக்குள் கொண்டுபோனார். நடுவில் ஒரே ஒரு சுவர். படம் நகரவில்லை. அளந்து பார்த்தால் டெப்பில் மூன்று, அதே இடத்தில் முஷ்ரிபாவின் போனில் இருபத்திரண்டு. "அந்தப் புள்ள தெளிவாத்தானே செல்லிச்சு, போன்ல எடுக்குதுன்டு. நான் கேக்கல்லயே" என்று மறுநாள் காமில் நானா என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

போன சனிக்கிழமை கலாராணியின் தாய் இராக்கம்மா, சின்ன மகளுக்கு டெப் பார்க்க வந்தார். காமில் நானா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "மூத்ததுக்கு வாங்குனது நல்ல டெப்புதாங்க மொதலாளி. எங்க பக்கம் சிக்னல் சரியில்ல. அது தெரியாம ஒங்களுக்கு வேற தொந்தரவு குடுத்துருச்சு. மனசுல வச்சிக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

காமில் நானா டெப் எதையும் எடுத்துக் காட்டவில்லை. கலாராணியின் நம்பரைக் கேட்டார்.

"எதுக்குங்க?"

"அந்தப் புள்ளக்கிட்ட ஒன்டு செல்லணும். நீங்களும் இருங்க."

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் போனைக் காதிலிருந்து எடுத்தார். இராக்கம்மாவுக்கும் கேட்கட்டும் என்று மேசை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.