கோலா சாவாவில் துரை சிலை

கோலா சாவா எஸ்டேட்டுக்கு சைக்கிளில் வந்து இறங்குகிறேன். ஜப்பான்காரன் ஆட்சி; டியூப் கிடைக்காத காலம், டயருக்குள் கயிறுதான். சண்டைக்கு முன் இங்கிருந்த வெள்ளைக்காரத் துரைக்கு நான்தான் சிமெண்டில் சிலை செய்தேன். ஜப்பான்காரன் கண்டால் செய்தவன் தலை போகும். அதை உடைக்கச் சுத்தியலோடு வந்திருக்கிறேன்.

துரையின் தொப்பிமேல் தலைப்பாகை. நெற்றியில் திருநீறு, கரியில் மீசை, கையில் அரிவாள். காலடியில் மரவள்ளிக்கிழங்குப் படையல்.

"சுத்தியல உள்ள வைங்கண்ணே," என்கிறார் கங்காணி. "இவரு இப்ப முனியாண்டி லா. நேத்து ரோந்து வந்த ஜப்பான்காரனே குனிஞ்சு கும்பிட்டுப் போனான்."

"துரை மூஞ்சி தெரியலையா?"

"அது என்னைக்குண்ணே தெரிஞ்சிச்சு?"

எனக்குக் கோபம் வரவில்லை. தத்ரூபமாகச் செய்யத் தெரிந்திருந்தால் இந்நேரம் செத்திருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கும்பிடுகிறேன்.