கிணறு ஓதிய வெள்ளிக்கிழமை

எங்கள் தோட்டத்துக் கிணறு ஓதியதை நான் என் காதால் கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது. கேட்டது நான் ஒருத்திதான். அதனால் யாரும் நம்பவில்லை. நானும் யாரையும் நம்பச் சொல்லவில்லை.

கம்பத்துக்கு மேற்கே, மலைக்குப் போகிற வழியில் அத்தாவுக்கு, என் தகப்பனாருக்கு, திராட்சைத் தோட்டம் இருந்தது. இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு வருடம் கொடியில் சாம்பல் நோய் விழுந்தது. பிஞ்செல்லாம் வெடித்துக் கருகிப்போனது. அந்த வருடம் அத்தா ஐந்து வேளையும் பள்ளிவாசலில் இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல் அசரத்து பயான் செய்வார், மார்க்கம் பேசுவார். அத்தா எல்லோருக்கும் முந்திப் போய் முதல் வரிசையில் உட்காருவார். கேட்டதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்வார்.

அந்த வருடம் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக்குப் போய்க் கொடிக்கடியில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை ஓத வேண்டிய சூராவை, வேதத்தின் அந்த அத்தியாயத்தை, ஓதினார். விளைகிற இடத்தில் ஓதினால் பரக்கத்து, விளைச்சல் பெருகும் என்று யாரோ சொன்னார்களாம். கொடியை வெட்டிவிடும் அடுத்த கவாத்துக்குக் கொடி தழைத்தது. குலை இறங்கியது. அதற்கடுத்தது அதைவிட நன்றாக வந்தது.

மூன்று வருடம் அப்படியே போனது. வீட்டுக்கு மாடி ஏறியது. எங்கள் தெருவில் முதல் செல்போன் அத்தாவின் சட்டைப்பையில்தான் அடித்தது. கோம்பையிலிருந்து செவலையாக ஒரு நாய் வாங்கி வந்து தோட்டத்தில் கட்டினார். பள்ளிவாசலில் அத்தாவின் இடம் முதல் வரிசையிலிருந்து மூன்றாவது வரிசைக்கு வந்தது. பிறகு தூணுக்குப் பின்னால் போனது. கடைசியில் செருப்பு கிடக்கும் வாசல் பக்கம் வந்து நின்றது. பயான் முடிந்து எல்லோரும் தொழ எழும்போது போய்ச் சேர்ந்தால் போதும் என்றாகிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வேலை இருந்தது, அவ்வளவுதான்.

அம்மாவும் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். மாடி வீட்டுக்காரி கொடிக்குள் குனிந்து போனால் நன்றாக இருக்காது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆனாலும் பரக்கத்தை விட மனம் வருமா. அதற்கு என்னை அனுப்பினார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மதரசாவில் நான் வேதத்தை ஒரு தடவை முழுதாக ஓதி முடித்திருந்தேன். எழுத்தைப் பார்த்தால் நாக்கு தானாகப் போகும். என்ன சொல்கிறோம் என்பது தெரியாது. அரபியில் ஓதுவதற்கு அது தேவை என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் அத்தாவிடம் கேட்டேன்.

“அத்தா, இந்தச் சூராவுல என்ன இருக்கு?”

“பரக்கத்து இருக்கு தாயி,” என்றார். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னார்.

திராட்சைப் பந்தலுக்குள் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். வரிசையாகக் கல்தூண்கள். மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி. அதன்மேல் கொடி படர்ந்து ஆகாசத்தை மூடிவிடும். நடுப்பகலில்கூட உள்ளே பச்சையாக, குளத்துக்கு அடியில் இருப்பது போல இருக்கும். இலையெல்லாம் மருந்து அடித்த நீலக்கறை. பெரியவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். எனக்குக் குனிய வேண்டியதில்லை. கறுத்த குலைகள் தலையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும்.

பந்தலுக்கு நடுவில் கிணறு. அதன் பக்கத்தில் ஒரு துணி துவைக்கிற கல். அதில் உட்கார்ந்துதான் ஓதுவேன். கிணறு முன்பு கைக்கு எட்டுகிற மாதிரி நிறைந்து கிடந்தது. அத்தா தோட்டத்து ஓரத்தில் ஆழ்துளைப் போர் போட்ட பிறகு கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கியது. ஒரு கோடையில் அடியோடு போய்விட்டது. யாரும் கவலைப்படவில்லை. போர்த் தண்ணீர் கொட்டியது.

கிணறு காலியான பிறகுதான் அது நடக்கத் தொடங்கியது.

நாலைந்து பக்கம் ஓதியதும் ஓர் இடம் வரும். அந்த இடத்தில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து திரும்பி வந்தது. ஒரு மூச்சு தள்ளி, என் பின்னாலேயே ஓதியது. பத்து வரி ஓதியிருப்பேன். பிறகு நின்றுவிட்டது. மற்ற இடங்களில் திரும்பவில்லை. அடுத்த வாரமும் அதே இடம். அதற்கடுத்த வாரமும். அந்த இடம் வந்ததும் நாய் எழுந்து நிற்கும். கிணற்றைப் பார்க்கும். முதுகு மயிர் குத்திட்டு நிற்கும். குரைக்காது. காட்டுப்பன்றியைப் பார்த்தால்கூட முன்னால் பாயும் நாய் அது.

அம்மாவிடம் சொன்னேன்.

“வெத்துக் கெணத்துல சத்தம் திரும்பத்தான் செய்யும். நீ பாட்டுக்கு ஓது. வானத்து மலக்குகள் கேப்பாக,” என்றார்.

எங்கள் தோட்டத்தில் கவாத்து பார்க்கிறவர் ஒருத்தர் இருந்தார். கோம்பைப் பக்கத்து ஆள். கொடியை வெட்டுவதும் கட்டுவதும் அவர்தான். அவர் அத்தாவை மாமா என்பார். அத்தா அவரை மாப்ள என்பார். மதம் வேறானாலும் அந்தப் பக்கத்தில் அப்படித்தான். அவருக்கு அரபி தெரியாது. ஆனால் நாயைத் தெரியும்.

“பாப்பா, அந்த எடத்துல என்ன சொல்லுது?”

“தெரியாது.”

“தெரியாமயா வாரா வாரம் சொல்ற?” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, “அந்த எடத்த மட்டும் தாண்டி ஓத முடியாதா?” என்று கேட்டார்.

அப்படித் தாண்டக்கூடாது என்று சொன்னேன். அத்தாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார்.

“ஏலே மாப்ள, ஓதுனா பேய் ஓடும்டா. நீ என்னடான்னா வருதுங்கிற,” என்றார் அத்தா. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கவாத்துக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சித்திரையில் காய்ப்பு ரொம்ப அதிகம். இலையைவிடக் குலை கூட இருந்தது. கம்பிகள் பாரம் தாங்காமல் நடுவில் தொய்ந்தன. எனக்கே குனிய வேண்டி வந்தது. கவாத்துக்காரர் மேற்கு மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“கம்பிய இழுத்துக் கட்டுன கல்லு மண்ண விட்டுத் தூக்கியிருக்கு மாமா. ஒண்ணு விட்டு ஒண்ணு கொலயக் கழிச்சு விடுவோம். பந்தலு தாங்காது.”

“யாவாரி வார நேரத்துல கழிக்கச் சொல்றியா? பாத்துப் போகட்டும்.”

“கல்லு பேந்துச்சுன்னா எல்லாம் போகும்.”

“கல்லுக்கால் மாப்ள இது. மூங்கிலா? என் பேரன் காலத்துக்கும் நிக்கும். எங்கன போயிரும்?”

கவாத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

வியாழக்கிழமை இரவு கோடை மழை கொட்டியது. மறுநாள் காலையில் சுத்தமாக வெளுத்துவிட்டது. வெயில் ஏறியது. காற்றே இல்லை. ஊரில் காலையிலிருந்து கரண்டும் இல்லை. வியாபாரி பகலில் ஜீப்பில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஜும்மா நேரம் நெருங்கியும் அத்தா கிளம்பவில்லை.

“தொழுகைக்கு?” என்றார் கவாத்துக்காரர்.

“அல்லா மன்னிப்பான். யாவாரி மன்னிக்க மாட்டான்,” என்றார் அத்தா. என்னைப் பார்த்து, “நீ போயி ஓது தாயி. இன்னைக்குத்தான் வேணும்,” என்றார்.

நான் உள்ளே போனேன். நாய் வழக்கமாக என்னோடு வந்து காலடியில் படுக்கும். அன்று பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டது. கூப்பிட்டேன். வாலை ஆட்டியது. வரவில்லை.

கல்லில் உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே ஒரு கிளிச்சத்தம் இல்லை. பழுத்த திராட்சைக்கு வண்டு மொய்க்கும். அதுவும் இல்லை. நனைந்த மண் வாடை மட்டும் இருந்தது. ஓத ஆரம்பித்தேன். முதல் பக்கம் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் போயின. அந்த இடத்துக்கு இன்னும் ஒரு பக்கம் இருந்தது.

கிணறு அதை ஓதத் தொடங்கியது.

நான் அங்கே போய்ச் சேரவில்லை. அது எனக்கு முன்னால் போய் ஓதியது. என் குரல் இல்லை. ஆண் குரல். அடித்தொண்டையில், நிதானமாக, நிறுத்தி நிறுத்தி ஓதியது. நான் வாயை மூடினேன். அது மூடவில்லை. ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்து. எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் சரியாக இருந்தது. கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

வேதத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். குலைகள் முகத்தில் அடித்தன. வெளிச்சம் தெரிந்த பக்கம் ஓடினேன். வரப்பில் அத்தா நின்றிருந்தார்.

“என்ன தாயி அதுக்குள்ள முடிச்சிட்டியா?”

“கெணறு ஓதுது அத்தா.”

அத்தா சிரித்தார். கவாத்துக்காரர் சிரிக்கவில்லை. அவர் மேற்கு மூலையைப் பார்த்தார்.

முதலில் கம்பி அறுந்த சத்தம் கேட்டது. வீணைத் தந்தியைச் சுண்டியது போல நீளமாக இழுத்தது. பிறகு மேற்கு மூலைக் கல் சாய்ந்தது. அது சாய்ந்ததும் அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமே இல்லை. பாயை மடக்கிக்கொண்டு வருவது போல ஒவ்வொரு வரிசையாகப் படுத்தது. காற்று இல்லை. ஓர் இலை தானாக ஆடவில்லை. கடைசிக் கல் எங்கள் காலுக்கு எட்டடி தூரத்தில் விழுந்தது. இரண்டு ஏக்கர் பந்தலும் தரையில் கிடந்தது. திராட்சைச் சாறு மண்ணில் ஓடியது. நான் உட்கார்ந்திருந்த துவைகல்லின் மேல் ஒரு தூண் குறுக்கே விழுந்து இரண்டாக உடைந்திருந்தது. அதைக் கவாத்துக்காரர்தான் முதலில் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார்.

அத்தா நின்ற இடத்திலேயே நின்றார். அழவில்லை. கத்தவில்லை. இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி உள்ளங்கை. மறுபடி புறங்கை. கையில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார். நாய் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வியாபாரியின் ஜீப் ரோட்டில் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. பிறகு திரும்பிப் போனது.

அன்று அசரத்து பயானில் அந்தச் சூராவைத்தான் ஓதினாராம். தொழுதுவிட்டு ஓடி வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பள்ளிவாசல் மைக் குழாய்ச் சத்தம் காற்றில் வந்து கிணற்றில் விழுந்திருக்கும் என்று அத்தாவின் அண்ணன் பெரியத்தா சொன்னார். இருக்கலாம். காற்றுத்தான் இல்லை.

“காலையில இருந்து கரண்டே இல்லையே,” என்றார் அம்மா.

பள்ளிவாசலில் பேட்டரி இருந்ததா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தா முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வருடம் உட்கார்ந்தார். பந்தல் கிடந்த இடத்தில் வாழை வைத்தார்கள். வாழை நன்றாக வந்தது. அத்தா தூணுக்குப் பின்னால் போனார்.

நான் ஏழாவதோடு நின்றேன். கல்யாணமாகி உத்தமபாளையம் வந்தேன். அங்கே பெண்கள் கூடுகிற ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை தமிழில் அர்த்தம் படிப்பார்கள். ஒரு நாள் அந்தச் சூராவைப் படித்தார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

ஒரு மனுசனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்ததாம். நன்றாகக் காய்த்ததாம். இது ஒருநாளும் அழியாது என்றானாம். தண்ணீர் பூமிக்குள் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கூட்டாளி கேட்டானாம். அவன் காதில் வாங்கவில்லையாம். ஒரு நாள் கொடியெல்லாம் பந்தலோடு விழுந்து கிடந்ததாம். அவன் தன் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

கீரை கையிலேயே இருந்தது. அந்தக் கை வரைக்கும் நான் ஓதியிருக்கிறேன். அந்தக் கிணற்றுப் பக்கம் உட்கார்ந்து, அந்தக் குலைகளுக்குக் கீழே, வெள்ளி தவறாமல்.

பெருநாளுக்குக் கம்பம் போனபோது அத்தாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அத்தாவுக்கு வயதாகியிருந்தது. டிவியை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார். மடியில் கிடந்த கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார்.

“இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல தாயி,” என்றார்.

“வாரா வாரம் சொன்னேன் அத்தா,” என்றேன். “எனக்குத்தான் தெரியல.”