இரண்டு நாள், ஒரு மணி நேரம்

லாஸ்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்த்தேன். புராஜெக்ட் அடிக்க வந்த ஒரு காலேஜ் பெண், கறுப்புத் திரையில் ஒரு கட்டளை போட்டால் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று அதுவே சொல்லும் எனக் காட்டிவிட்டுப் போனாள். அது போதாதா எனக்கு! சும்மா இருக்கும்போதெல்லாம் அடித்துப் பார்ப்பேன். இரண்டு மணி, மூன்று மணி. அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். தெரிந்துகொள்வதில் ஓர் அரிப்பு, அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலமே கடையில் படைத்துவிடுவோம். அந்த வருஷம் நான்தான் ஷட்டவுன் கொடுத்து, மானிட்டரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் எந்த மிஷினையும் தொடக்கூடாது. கடையும் பூட்டிக் கிடந்தது.

விஜயதசமி காலை பத்து மணிக்கு முதலாளி மானிட்டரைப் போட்டால், கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நீ அணைத்தாயா என்று கேட்டார். அணைத்தேன் என்று அடித்துச் சொன்னேன். அப்படியென்றால் பூஜையன்று யாரோ திறந்து வேலை பார்த்திருக்க வேண்டும். இன்னொரு சாவி இருந்தது, கோரிமேட்டிலிருந்து சைக்கிளில் வரும் ஜெராக்ஸ் அண்ணனிடம் மட்டும். ஏழு வருஷத்து ஆள். வரவே இல்லை என்றார். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவியை வைத்துவிட்டுக் கிளம்பு, இனி வராதே என்றுவிட்டார்.

எனக்கும் கோபம்தான். நான் பொட்டு வைத்த மிஷின்! அண்ணன் எத்தனை மணிக்கு வந்தார் என்று பார்த்துவிடலாமென்று கட்டளையை அடித்தேன்.

இரண்டு நாள், ஒரு மணி நேரம்.

விரல் விட்டு எண்ணினேன். நேற்று போட்டிருந்தால் இரண்டு நாள் எப்படி வரும்? இது முந்தாநாள் காலை ஒன்பது மணிக்கு நானே போட்டது. அப்புறம் அணையவே இல்லை. பஸ் அவசரத்தில், ஷட்டவுன் கொடுத்த கையோடு மானிட்டரை அணைத்துவிட்டேன். மூடாத ஏதோ ஒரு ஃபைல் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. நான் எங்கே பார்த்தேன்?

பேசாமல் திரையை மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, மறைப்பானேன். வாசலில் அண்ணன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், நான்தான் சரியா அணைக்கல. அண்ணன் வரல."

முதலாளி திரையை இரண்டு தடவை படித்தார். அசடு வழியச் சாவியை எடுத்துப்போய் நீட்டினார்.

அண்ணன் வாங்கவில்லை. "ஏழு வருஷமா இருக்கேன், நான் சொன்னத நம்பல. பொட்டி சொன்னதும் நம்பிட்டீங்க."

முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார். முகம் எரிந்தது எனக்கு. அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று பார்க்கத்தானே நான் அதை அடித்தேன்.