பிரியாணிக்காக ஒரு முதலை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முதலையின் உயிரைக் காப்பாற்றினேன். தண்ணீரில் குதித்தெல்லாம் இல்லை... எனக்கு நீச்சலே தெரியாது. அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புற வேலியில் சாய்ந்து நின்றபடியே காப்பாற்றினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் டேல். பிளம்பர். ஆஜானுபாகுவான உடம்பு, எந்நேரமும் ஒரு தொப்பி, தங்கமான மனுஷன். அவருடைய மாமியாருக்குக் கடலோரப் பக்கம் நிலம் இருக்கிறது. நிலத்தில் பெரிய குளம். குளம் நிறைய முதலை. செப்டம்பர் வந்தால் அந்த நிலத்துக்கு ஒரே ஒரு முதலை சுட அரசாங்க அனுமதி கிடைக்கும். மாப்பிள்ளை போய்ச் சுட்டுக்கொண்டு வருவார். நம் ஊர் மாமியார்கள் மோதிரம் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

போன வருடம் டேல் வேலிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். முதலை வால் இறைச்சி. சிரித்த முகத்தோடு நீட்டுகிறவரிடம் எப்படி வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டேன்.

எங்கள் மார்க்கத்தில் ஆடு, மாடு, கோழிக்குத் தடையில்லை. கோரைப்பல்லால் வேட்டையாடித் தின்கிற பிராணியை மட்டும் தொடக் கூடாது. சிங்கம், புலி, முதலை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். என் மனைவி ஷமீமா டப்பாவைத் தொடாமலே சொன்னாள்: "இது நம்ம வீட்டுல ஆகாதுங்க. ஆனா கொடுத்தவர் மனசு நோகக் கூடாது."

இறைச்சி என் ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனது. டப்பா எங்களிடம் தங்கியது. அதில்தான் வந்தது வினை.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பும் வழக்கம் நம் ஜனங்களுக்கு உண்டா? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுப்போம்? ஷமீமா டப்பாவை வெந்நீரில் கழுவோ கழுவென்று கழுவி, மட்டன் பிரியாணியை அமுக்கி நிரப்பி, மேலே ஒரு முட்டையும் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

"கறி எப்படி இருந்தது?" என்று டேல் கேட்டார். "வெரி நைஸ்" என்றேன். டப்பாவைப் பற்றிச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அதைவிடப் பெரிய டப்பா வந்தது. பெரிய டப்பாவுக்குப் பெரிய பிரியாணி. அதற்கடுத்து வந்ததைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ஷமீமாவும் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை.

இந்த ஆகஸ்ட்டில் டேல் டிஜிட்டல் கேமராவோடு வேலிக்கு வந்தார். படத்தில் குளக்கரை, கரையில் ஒரு கிழட்டு முதலை. கிட்டத்தட்ட எங்கள் கார் நீளம். பெயர் ஜட்ஜ். நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கும், ஆனால் சுற்றியிருக்கும் எல்லோரும் நடுங்குவார்கள் — அதனால் அந்தப் பெயராம்.

"இத்தனை வருஷமா சின்னதாத்தான் சுட்டேன். இந்தத் தடவை ஜட்ஜ். உங்க ஃபேமிலிக்காக" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் ஷமீமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நம்ம பிரியாணியால ஒரு உசுரு போகப்போகுதுங்க. மறுமையில கேட்டா என்ன பதில் சொல்றது?"

"ஆட்டுக்கறி திங்கிறப்ப வராத கேள்வி, முதலைக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?"

"ஆடு பசிக்கு. இது டப்பாவுக்கு."

அமெரிக்காவில் எத்தனையோ மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

சரி, போய்ப் பேசுவோம் என்று ஞாயிறு காலை வேலிக்குப் போனேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. தர்மத்தைப் பேசினேன்... அதுதானே சுலபம்?

"பெரிய முதலை போயிட்டா குளத்துல சின்னதுங்க எல்லாம் ஆட்டம் போடுமே டேல். அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"பசுவைக் கொன்னு திங்கிறோமே, அது உங்களைத் திருப்பிக் கடிக்குமா? இது கடிக்கும். அதனால இது நியாயமான சண்டை."

"கொக்கியில கோழியை மாட்டித் தொங்கவிட்டு, மாட்டின முதலையைக் கரையில நின்னு சுடறதுல சண்டை எங்கே இருக்கு?"

டேல் கொஞ்சம் யோசித்தார். "அது கோழியைத் திங்காம இருந்திருக்கலாமே."

என் டாக்டரும் என்னிடம் அதையேதான் சொல்கிறார். நான் கேட்கிறேனா? அந்த நிமிடம் எனக்கு ஜட்ஜ் மீது பாசமே வந்துவிட்டது. வாய் திறந்துகொண்டது.

"டேல், நாங்க முதலை சாப்பிட மாட்டோம். எங்க மார்க்கத்துல கூடாது. ஒரு துண்டுகூடச் சாப்பிட்டதில்லை. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை."

டேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஒரு நல்ல அண்டை வீட்டுக்காரரை இழந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். உள்ளபடியே வருத்தமாக இருந்தது.

"நானும் சாப்பிட மாட்டேன்" என்றார்.

"என்னது?"

"ரப்பர் மாதிரி இருக்கும். எங்க வீட்டுல யாருமே தொடறதில்லை. ஃப்ரீஸர்ல இடத்தை அடைக்குதேன்னுதான் முதல் டப்பாவைக் கொடுத்தேன். பிரியாணி வந்துச்சு." டேலின் முகம் சிவந்துவிட்டது. "பெருசா கொடுத்தா பெருசா வரும்னு..."

"அதுக்காக ஜட்ஜையா?"

"எனக்கும் மனசில்லைதான். கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வீட்டுக்கு முதல்முறை போனப்பவே அது கரையில படுத்திருந்துச்சு. அன்னைக்கு என்னைக் குறுக்குக் கேள்வி கேட்காதது அது மட்டும்தான்."

யோசித்துப் பாருங்கள். ஒரு குளத்தையே நடுங்கவைக்கும் முதலை, அதைச் சாப்பிடவே சாப்பிடாத இரண்டு குடும்பங்களுக்காகச் சாக இருந்தது. உலகத்தில் பாதி உயிர்கள் பசியால் போவதில்லை போலிருக்கிறது... மரியாதையால் போகின்றன.

ஷமீமா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். டேலுக்கு மாதம் ஒரு டப்பா பிரியாணி. ஜட்ஜைத் தொடக் கூடாது. டப்பா காலியாகவே திரும்பி வரலாம்.

டேல் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அனுமதிச் சீட்டை இந்த வருடம் பயன்படுத்தாமல் மாமியாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஜட்ஜ் கரையில் நிம்மதியாக வெயில் காய்கிறது.

நான் மட்டும் நேற்று ஹலால் கடைக்குப் போய், இனிமேல் மாதம் ஒரு ஆட்டுத் தொடை கூடுதலாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆட்டுக்காக வேலியில் சாய்ந்து நின்று பேச யாரும் வரவில்லை.

பாவம், அதற்குக் கோரைப்பல் இல்லையே...