முட்டை நாளில் வீட்டுக்குப் போன பிள்ளை

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அங்கன்வாடியில் நான் ஆயா. சமைப்பதும் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் என் வேலை. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. டீச்சரிடம்கூட நானாகப் போய்ப் பேச மாட்டேன், கேட்டால் சொல்வேன்.

ஒரு ஆடி மாதம் எடை பார்த்தபோது மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்கு எடை இறங்கியிருந்தது. கோடையில் பேதியாகி இளைத்த பிள்ளை. "இன்னும் எறங்குச்சுன்னா ஆஸ்பத்திரில சேக்கணும்" என்றார் டீச்சர். அதன் அம்மாவுக்குக் கம்பெனியில் மத்தியான ஷிப்டு. "ஆஸ்பத்திரில போய் குந்திக்கினா வேல போய்டும் டீச்சர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முட்டை போடும் நாட்களில் மட்டும் அவள் சமையல் முடியும் முன்பே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அடுத்த முட்டை நாளில் கரண்டியோடு வாசல் வரை போய்விட்டேன்.

"இன்னாம்மா, சோறு ஆவப்போவுது. துன்னுட்டுப் போவட்டுமே."

"வேணாம் ஆயாம்மா. புள்ள தேறணும்னு பெரியபாளையத்தம்மாவுக்கு வேண்டிக்கினு இருக்கேன். கோயிலுக்குப் போய் புள்ளைக்கு வேப்பஞ்சேல, அதான் வேப்பிலைல சேல, கட்டி சுத்தி வர்ற வரைக்கும் கவுச்சி ஆவாது."

"முட்ட வைக்காம வெறும் சோறு போட்றேன்."

"நீ முட்டைய உரிச்ச கையோட சோத்த அள்ளுவ. எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். உண்மைதான். அப்படித்தான் செய்வேன்.

"அப்ப ஊட்ல இன்னா குடுக்குற?"

"டீயும் பன்னும். பக்கத்தூட்ல உட்டுட்டு ஷிப்டுக்கு ஓடணும்ல."

வாரத்தில் மூன்று நாள் அந்தப் பிள்ளைக்கு மத்தியானச் சோறே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாமி விஷயம், என்ன சொல்வது?

"மொதல்ல உன் புள்ளைக்குப் போட்டுட்றேன். அது துன்னு முடிச்சப்புறம்தான் முட்டையத் தொடுவேன். முட்டைக்கு வேற சட்டி. நீயே வந்து நின்னு பாரு."

டீச்சர், "ஒரு புள்ளைக்குத் தனிப் பந்தியா?" என்றார். பிறகு அவரே முட்டைக்குப் பதிலாகச் சுண்டலுக்குக் கடலை எடுத்துக் கொடுத்தார்.

மறு முட்டை நாளில் அவள் அடுப்படியிலேயே வந்து நின்றாள்.

"கரண்டியக் கழுவுனியா?"

"கழுவுனேன் தாயே. எங்க மாமியாகூட இப்டி நின்னு பாத்ததில்ல."

சிரித்துவிட்டு, பிள்ளை சோறும் சுண்டலும் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தாள். அதற்குப் பிறகு பார்க்க வரவில்லை.

ஆவணியில் அவள் பிள்ளையோடு கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தாள். அந்த மாதம் எடை ஏறியிருந்தது. கொஞ்சம்தான். "ஆஸ்பத்திரி வேணாம், அடுத்த மாசமும் பாக்கலாம்" என்றார் டீச்சர். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா ஆயாம்மா, அம்மா கைவிடல."

"ஆமாம்மா" என்றேன்.

அன்றும் முட்டை நாள்தான். அதற்குள் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. வேண்டுதல் முடிந்தது அதற்குத் தெரியாது. தனக்குத்தான் முதலில் சோறு வரும் என்று காத்திருந்தது. போட்டேன்.