‘விடு’ என்ற ஒரு சொல்

பணி ஓய்வு பெற்று ஏற்காட்டுக்குக் குடிவந்த வருடம், பக்கத்து எஸ்டேட் நாய் போட்ட குட்டிகளில் ஒன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நாயை எப்படி வளர்ப்பான்? விதிப்படி வளர்த்தேன். தடுப்பூசிக்கு அட்டை, பூச்சி மாத்திரைக்கு நாட்காட்டியில் சிவப்பு வட்டம், காலையும் மாலையும் குட்டைக் கயிற்றில் நடை. ஏரிப் பக்கம் கிடையாது. அங்கே சுற்றுலா வந்தவர்கள் சிப்ஸ் போடுவார்கள். ஆக, என் நாய்க்கு எந்த ஆபத்தும் இல்லை. வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மை.

ஒன்றே ஒன்று இருந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வரும் தலைச்சோலைக் கிராமத்து அம்மா ஒருவர், மாலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் எங்கள் கேட்டருகே நிற்பார். ரோஜாவுக்கு உரமாக நான் கொட்டிவைத்திருந்த காப்பித் தோல் குவியலில், தூக்குப்போசியில் மிச்சம் வைத்த ராகிக் களியைக் கிள்ளிக் கிள்ளிப் புதைப்பார். “தேடு சாமி, தேடு” என்பார். நாய் மூக்கை உள்ளே விட்டு, தும்மி, மண்ணெல்லாம் பறக்கத் தோண்டும். வால் மட்டுமல்ல, இடுப்பே ஆடும். என்னோடு நடக்கும்போது அது அப்படி ஆடியதில்லை.

ஒரு நாள் பார்த்துவிட்டேன்.

“ஏம்மா, காப்பி நாய்க்கு விஷம், தெரியுமா?”

“ஏனுங்க சார், அது களியத்தானுங்க திங்குது. காப்பி போட்டா குடிக்குது?”

“தோல்லயும் அதே சரக்குதான் இருக்கு.”

“எங்க ஊட்டு நாயி இதுலயேதானுங்க பொரளுது. ஒண்ணும் ஆவலீங்க.”

“உங்க நாய்க்கு அட்டை இருக்கா?”

“எங்களுக்கு ரேசன் அட்டையே இப்பத்தானுங்க வந்துச்சு” என்று சொல்லிவிட்டு, போசியை மூடிக்கொண்டு போய்விட்டார். பிறகு எங்கள் கேட்டருகே அவர் நிற்கவில்லை.

நான் சொன்னது சரி. காப்பித் தோல் நாய்க்கு ஆகாது. ஆனால் பத்தடி தள்ளி, சில்வர் ஓக் மரத்தடியில், கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சருகு கிடந்தது. “அங்கே ஒளித்து வையுங்கள்” என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். மனுவில் ஒரு தேதி விட்டுப்போயிருந்தால் ‘திருத்தித் தரவும்’ என்று எழுதித் திருப்புவதுதான் முறை. எத்தனையோ பேருக்கு அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவன், அன்று மனுவையே தள்ளுபடி செய்தேன்.

அதோடு நிற்கவில்லை. மலையில் காட்டுப்பன்றிக்குத் தீனிக்குள் வெடி வைக்கிறவர்கள் உண்டு. தெரியாமல் கடிக்கும் நாயின் தாடை போய்விடும். ஆகவே தரையில் கிடப்பதைத் தொடக்கூடாது என்று பழக்கினேன். கடலையைக் கீழே போட்டு “விடு” என்பேன். விட்டால் வேறொன்றைக் கையிலிருந்து கொடுப்பேன். மூன்றே மாதத்தில் நாய் கடலையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழக்கும் முறையில் இரண்டாம் பாகம் ஒன்று உண்டு, ‘எடு’ என்று சொல்லி எடுக்கவைப்பது. அது அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

இப்போது நாய்க்கு வயதாகிவிட்டது. போன மாதம் கால்நடை மருத்துவர் சொன்னார்: “இடுப்பு தேஞ்சிருக்கு சார், நீள நடை இனி வேண்டாம். கண்ணும் மங்குது. மூக்கு மட்டும் நல்லா இருக்கு. தீனியை ஒளிச்சு வெச்சுத் தேட விடுங்க. இனிமே அதுக்குச் சந்தோசம்னா அதுதான்.”

மறுநாள் மாலை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் பைலு மேசைக்கு வந்துச்சுங்களா சார்?” என்றார். ஆனாலும் வந்தார், களியோடு.

சருகுக்குள் ஆறு இடத்தில் புதைத்தார். “தேடு சாமி.” நாய்க்கு அந்தக் குரல் நினைவிருந்தது. தடுமாறி எழுந்து, மூக்கைத் தாழ்த்தி, நேரே முதல் துண்டின் மேல் போய் நின்றது. இடுப்பு கொஞ்சம் ஆடியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மங்கிய கண்ணால் என்னைத் தேடியது.

“எடு கண்ணு” என்றார் அவர். “எடு” என்றேன் நானும். அந்தச் சொல் அதற்குத் தெரியாது. தொடாமல் நின்றதற்கு நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தது.

“ஏனுங்க, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க இத?”

வெடியைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“அது நெசந்தானுங்க. மாரமங்கலத்துப் பக்கம் ஒரு நாயி அப்படித்தான் போச்சு. நொம்பப் பாவமுங்க. ஆனா உங்க மரத்தடியில எவனுங்க வந்து வெடி வெக்கப் போறான்?”

குனிந்து களியை எடுத்து உள்ளங்கையில் நீட்டினார். உடனே தின்றது.

இப்போது தினமும் மாலை நான் ஒளிக்கிறேன். ஆறையும் கண்டுபிடிக்கிறது, ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நான் குனிந்து எடுத்து ஊட்ட வேண்டும். குட்டியாக இருந்தால் ‘எடு’ ஒரு வாரத்தில் வந்துவிடும். வயதான நாய்க்குப் பல மாதம் ஆகும்; இதனிடம் அத்தனை காலம் இல்லை.

நேற்று மூன்றாவது துண்டை நாக்கால் தொட்டது. “நல்லது, எடு” என்றேன், கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தப்புச் செய்து பிடிபட்டதுபோல் காதைத் தாழ்த்திப் பின்வாங்கியது. நான் அதன் பக்கத்தில் சருகில் உட்கார்ந்து, அந்தத் துண்டை எடுத்து ஊட்டினேன்.